‘ஹேவ் டன்’னா, ‘ஹேவ் பீன் டூயிங்’கா? எங்கே உதைக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வோம்

பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டு வேலைக்காக ஒரு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். பன்னிரண்டு பக்கப் படிவம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து நிரப்பி முடித்துவிட்டு, “ஐ ஹேவ் பீன் ஃபில்லிங் இன் தி ஃபார்ம்” என்று பெருமையாகத் தெரிவித்தேன். படிவம் முடிந்தால்தான் நேரில் வர நாள் கொடுப்பார்கள். “நிதானமாக முடியுங்கள், முடிந்ததும் சொல்லுங்கள்” என்று பதில் வந்தது. எதை முடிக்கச் சொல்கிறார்கள் என்று விளங்காமல் நானும் காத்திருந்தேன், அவர்களும் காத்திருந்தார்கள். இரண்டு வாரம் போச்சு. “ஐ ஹேவ் ஃபில்ட் இன் தி ஃபார்ம்” என்று எழுதியிருந்தால் மறுநாளே நாள் கிடைத்திருக்கும்.

இப்போது யாங்கோனில் சாயங்காலம் ஆனால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் மாடியேறி வருகிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், சிங்கப்பூர் இண்டர்வியூவுக்கு ஆங்கிலம். என்னை ‘சயாமா’ (பர்மியத்தில் ஆசிரியை) என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் டீச்சர் என்ற வார்த்தை வாயில் வராது. அவர்கள் கொண்டுவரும் பிழைகளைத்தான் கீழே வைத்திருக்கிறேன். உங்கள் வாக்கியத்தைப் போல இருக்கும் பகுதியைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். ‘ஹேவ் டன்’ (சிம்பிள்), ‘ஹேவ் பீன் டூயிங்’ (கன்டினியூவஸ்) என்ற இரண்டு வடிவங்களும் முன்னால் தொடங்கியதை இப்போதோடு முடிச்சுப் போடுகின்றன. வித்தியாசம், சொல்பவரின் கண் எதைப் பார்க்கிறது என்பதில்தான். மொஹிங்கா என்பது இந்த ஊர் மீன் குழம்பு நூடுல்ஸ். மேசையில் மூடி வைத்த மொஹிங்காக் கிண்ணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து பார்த்தால் பாதிதான் இருக்கிறது, கரண்டி நனைந்திருக்கிறது: “சம்வன் ஹேஸ் பீன் ஈட்டிங் மை மொஹிங்கா.” யாரோ கைவைத்திருக்கிறார்கள். கிண்ணம் துடைத்து வைத்ததுபோல் காலி: “சம்வன் ஹேஸ் ஈட்டன் மை மொஹிங்கா.” முதலாவதில் தின்ற வேலை கண்ணில் நிற்கிறது, இரண்டாவதில் காலிக் கிண்ணம் நிற்கிறது. ‘பீன்’னும் ‘இங்’கும் வேலையைக் காட்டும், சிம்பிள் வடிவம் வேலையின் விளைவைக் காட்டும். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

“ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021” என்று வருகிறது

இண்டர்வியூவில் முதல் கேள்விக்கே விழும் அடி இது. காரணம் நம் மொழி. “2021-லிருந்து இங்கே வேலை செய்துகொண்டிருக்கிறேன்” என்கிறோம், “இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறேன்” என்றும் சொல்கிறோம். தமிழில் வினை ஒன்றுதான், மாறுவது முன்னால் உள்ள காலச்சொல் மட்டும். ஆங்கிலத்தில் அந்தக் காலச்சொல் வந்த உடனே வினையும் மாற வேண்டும். எப்போதிருந்து, எவ்வளவு நாளாக என்று ஒரு சொல் வாக்கியத்தில் இருந்தால் ‘ஐ ஆம்’ அங்கே நிற்காது. “ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021.” காலச்சொல்லை எடுத்துவிட்டால் “ஐ ஆம் வர்க்கிங் ஹியர்” மறுபடி சரியாகிவிடும். செய்து பாருங்கள்.

“சின்ஸ் த்ரீ இயர்ஸ்” என்று வருகிறது

இது சின்னக் கோளாறு. தமிழில் ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’: மூன்று வருடமாக, “ஃபார் த்ரீ இயர்ஸ்”. தமிழில் ‘இருந்து’ அல்லது ‘முதல்’ வந்தால் ‘சின்ஸ்’: திங்கட்கிழமையிலிருந்து, “சின்ஸ் மண்டே”. முடிந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ‘ஃபார்’, ‘சின்ஸ்’ இருந்தாலே கன்டினியூவஸ் என்று சில கோச்சிங் நோட்டுகளில் எழுதிப் போட்டிருப்பார்கள். அதை அடித்துவிடுங்கள். “ஐ ஹேவ் நோன் ஹெர் சின்ஸ் 2010” என்பதிலும் ‘சின்ஸ்’ இருக்கிறது, ‘இங்’ இல்லை.

தமிழில் ‘இருக்கிறேன்’ வந்ததால் ‘ஹேவ்’ போட்டேன், ஆனாலும் விசித்திரமாக இருக்கிறது

இங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளியில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்: ‘எழுதியிருக்கிறேன்’ என்றால் “ஐ ஹேவ் ரிட்டன்”, ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்றால் ‘இங்’. ‘எழுது’ என்ற வினைக்கு இந்தக் கணக்கு ஒழுங்காக வேலை செய்யும். ‘காத்திரு’ என்ற வினையிடம் போனால் கவிழ்ந்துவிடும்.

“ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறேன்.” இதில் ‘கொண்டு’ இல்லை, அதனால் பையன் “ஐ ஹேவ் வெயிட்டட் ஃபார் ஒன் அவர்” என்கிறான். இலக்கணப் பிழை என்று யாரும் வெட்டமாட்டார்கள். ஆனால் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு போனில் சொல்கிற ஆள் “ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்” என்றுதான் சொல்வார். உட்கார்ந்திருக்கிறேன், நின்றிருக்கிறேன், படுத்திருக்கிறார், பிடித்திருக்கிறேன் எல்லாம் இதே கூட்டம். தமிழ் இவற்றை ஒரு நிலையாகப் பார்க்கிறது: உட்கார்ந்தாயிற்று, அந்த நிலையில் இருக்கிறேன். ஆங்கிலம் இவற்றை நடந்துகொண்டிருக்கும் வேலையாகப் பார்க்கிறது. ஆகவே “தாத்தா காலையிலிருந்து படுத்திருக்கிறார்” என்பதற்கு “கிராண்ட்ஃபாதர் ஹேஸ் பீன் லையிங் டவுன் சின்ஸ் மார்னிங்”.

இன்னொரு அழகான இடம் மழை. இங்கே மே மாதம் தொடங்கினால் அக்டோபர் வரை வானம் ஓயாது, அதனால் இந்த உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. வெளியே வந்து பார்க்கிறீர்கள், தெரு ஈரம், மழை இல்லை. தமிழில் என்ன சொல்வோம்? “மழை பெய்திருக்கிறது போல.” கண்ணால் பார்க்கவில்லை, தடயத்தை வைத்துச் சொல்கிறோம். ஆங்கிலக்காரர் அதே ஈரத்தைப் பார்த்து “இட் ஹேஸ் பீன் ரெய்னிங்” என்பார். இங்கே பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்: “மழை நின்றுவிட்டதே சயாமா, அப்புறம் எப்படி கன்டினியூவஸ்?” இப்போது நடந்துகொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் ‘பீன் இங்’குக்கு இல்லை. சற்று முன்புவரை நடந்தது, அதன் ஈரம் இன்னும் காயவில்லை. அது போதும். கை முழுக்க மாவாக வந்து நிற்கும் அம்மாவிடம் “ஹேவ் யூ பீன் குக்கிங்?” என்று கேட்பதும், மூச்சிரைக்க மாடியேறி வந்தவன் “ஐ ஹேவ் பீன் ரன்னிங்” என்பதும் இதே கதைதான். காலச்சொல் ஒன்றுகூடத் தேவையில்லை. தடயமே காலச்சொல்.

ஆக, தமிழ் வடிவத்துக்கு ஆங்கில வடிவம் என்று ஒட்டுப்போடும் பழக்கத்தை விட்டுவிட்டு, மொஹிங்காக் கிண்ணத்தைப் பார்க்கப் பழகுங்கள்.

“ஐ ஹேவ் பீன் ரிப்பேரிங் சிக்ஸ் ஃபோன்ஸ்” என்று வருகிறது

ஃபோன் கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவன் சொன்னது. ஆறு என்று எண்ணிச் சொன்னால் ஆறும் முடிந்து வரிசையாக மேசையில் இருக்கின்றன. கண் விளைவின் மேல். ஆகவே “ஐ ஹேவ் ரிப்பேர்ட் சிக்ஸ் ஃபோன்ஸ்.” வேலையைச் சொல்ல வேண்டுமென்றால் எண்ணை விட்டுவிட வேண்டும்: “ஐ ஹேவ் பீன் ரிப்பேரிங் ஃபோன்ஸ் சின்ஸ் மார்னிங்.” நல்ல பதில் இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான். காலையிலிருந்து இந்த வேலைதான், இதுவரை ஆறு முடிந்தது: “ஐ ஹேவ் பீன் ரிப்பேரிங் ஃபோன்ஸ் சின்ஸ் மார்னிங். ஐ ஹேவ் ரிப்பேர்ட் சிக்ஸ்.” இண்டர்வியூவில் இப்படி ஒரு ஜோடி வந்து விழுந்தால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

“த்ரீ அவர்ஸ் என்பதும் எண்தானே?” என்று உடனே ஒரு கேள்வி வரும். எண்தான். ஆனால் அது கடிகாரம். முடித்த பொருள்களையோ தடவைகளையோ எண்ணினால் சிம்பிள், கடிகாரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் கன்டினியூவஸ். எங்கள் ஊர்ச் சுற்று ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று சுமார் 46 கிலோமீட்டர், ஆடி அசைந்து வர மூன்று மணி நேரம் பிடிக்கும். உள்ளே உட்கார்ந்துகொண்டு “ஐ ஹேவ் பீன் சிட்டிங் இன் திஸ் ட்ரெயின் ஃபார் டூ அவர்ஸ்” என்று அலுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து “ஐ ஹேவ் டேக்கன் தட் ட்ரெயின் ஃபைவ் டைம்ஸ்” என்று கணக்குச் சொல்லலாம். தூரமும் எண்ணிக்கையில்தான் சேரும். பெகு ரோட்டில் காரில் போகும்போது, இங்கே இன்னும் மைல் கணக்குதான், “வீ ஹேவ் டிரைவன் தர்ட்டி மைல்ஸ்”, ஆனால் “வீ ஹேவ் பீன் டிரைவிங் ஃபார் டூ அவர்ஸ்”. முப்பது மைலுக்கு இரண்டு மணி நேரமா என்று கேட்காதீர்கள். மழைக்காலம்.

“ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்” என்று வருகிறது

நோ, லைக், பிலீவ், அண்டர்ஸ்டாண்ட், ஓன், பிலாங் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அவ்வளவு பாடு வேண்டாம். தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அந்த வினையோடு ‘கொண்டிருக்கிறது’ சேர்த்துப் பாருங்கள். “எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது”, “எனக்கு இட்லி பிடித்துக்கொண்டிருக்கிறது”, “எனக்கு இந்த வீடு சொந்தமாக இருந்துகொண்டிருக்கிறது” என்று எந்தத் தமிழனாவது சொல்வானா? சிரிப்பு வருகிறதா? அப்படியென்றால் ஆங்கிலத்திலும் ‘இங்’ வேண்டாம். “ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.” “ஐ ஹேவ் ஆல்வேஸ் லைக்ட் இட்லி.” “வீ ஹேவ் ஓன்ட் திஸ் ஹவுஸ் சின்ஸ் 1998.”

எதிர்ப்பக்கமும் பாருங்கள். “தலை வலித்துக்கொண்டே இருக்கிறது” என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் “மை ஹெட் ஹேஸ் பீன் ஏக்கிங்” சரி.

சோதனை கைவிடும் இடங்களும் உண்டு, மறைப்பானேன். “நம்பிக்கொண்டிருக்கிறேன்” தமிழில் நன்றாகவே நிற்கும், ஆங்கிலத்தில் ‘பீன் பிலீவிங்’ கேட்பதற்குக் கோணலாக இருக்கும். தலைகீழாக, “வேண்டிக்கொண்டிருக்கிறது” என்று நாம் சொல்வதில்லை, அவர்களோ “ஐ ஹேவ் பீன் வான்ட்டிங் டு மீட் யூ” என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். ரொம்ப நாளாக மனசில் கிடந்து குடைகிறது என்ற தொனி அதில். ‘திங்க்’ இரண்டு வேஷம் போடும். அபிப்பிராயம் என்றால் “ஐ ஹேவ் ஆல்வேஸ் தாட் ஸோ”. யோசனை என்றால் “ஐ ஹேவ் பீன் திங்கிங் அபௌட் இட்”. இந்த மூன்றையும் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டால் மீதிக்கு இட்லி சோதனை போதும்.

“ஐ ஹேவ் பீன் லூஸிங் மை கீ” என்று வருகிறது

சாவி ஒரு நொடியில் தொலைந்துவிடும். கால் ஒரு நொடியில் முறிந்துவிடும். பஸ் வந்தால் வந்ததுதான். இப்படிப்பட்ட நொடிவேலைகளை இழுக்க முடியாது: “ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ”, “தி பஸ் ஹேஸ் அரைவ்ட்”. ‘இங்’ போட்டால் திரும்பத் திரும்ப நடந்ததாகப் பொருள் வரும். கல்யாண வீட்டு வாசலில் நின்று “கெஸ்ட்ஸ் ஹேவ் பீன் அரைவிங் சின்ஸ் சிக்ஸ்” என்றால் சரி, ஒவ்வொருவராக வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரே ஒரு மாமா வந்ததற்கு அப்படிச் சொன்னால் அவர் வாசலிலேயே ஆறு மணியிலிருந்து காலெடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆகிவிடும்.

‘நாட்’ போட்டவுடன் குழம்புகிறது

“ஐ ஹேவ் நாட் பீன் சீயிங் மை அங்கிள் ஃபார் டூ இயர்ஸ்.” இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை என்று சொல்ல வந்தது. நடக்காத வேலைக்கு என்ன இழுவை? “ஐ ஹேவ் நாட் சீன் மை அங்கிள் ஃபார் டூ இயர்ஸ்.” போதாததற்கு, ‘சீயிங்’ என்றால் ஆங்கிலத்தில் காதலர்கள் பழகுவதற்கும் பெயர். மாமாவுக்கு அது ஆகாது.

விதிவிலக்கு: வேலை நடக்கிறது, ஆனால் சரியாக நடக்கவில்லை என்றால் ‘இங்’ வரும். “ஐ ஹேவ் நாட் பீன் ஸ்லீப்பிங் வெல்.” தூங்குகிறான், தூக்கம்தான் சரியில்லை.

‘யெஸ்டர்டே’ உள்ளே வந்துவிட்டது

நேற்று, போன வாரம், 2015-ல் என்று முடிந்துபோன காலம் வாக்கியத்தில் இருந்தால் இந்த இரண்டு வடிவமுமே வேண்டாம். “ஐ வெயிட்டட் யெஸ்டர்டே.” இரண்டில் எது என்று யோசிப்பதே வீண்.

“ஐ ஈட் ஆல்ரெடி”, “ஐ எவர் கோ டு பகான்”

இவை தமிழ்க் கோளாறு இல்லை, பர்மியக் கோளாறு. “சா பீபி” என்றால் சாப்பிட்டாச்சு. கடைசியில் வரும் அந்த ‘பி’யைப் பிள்ளைகள் அப்படியே தூக்கி ‘ஆல்ரெடி’ ஆக்கிவிடுகிறார்கள். ‘ஆல்ரெடி’ இருக்கட்டும், வினைக்கு ‘ஹேவ்’ கொடுங்கள்: “ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்.” அதேபோல “யௌ பூதே” என்றால் போன அனுபவம் உண்டு. அந்த ‘பூ’தான் ‘எவர்’ ஆகி வந்து நிற்கிறது. அனுபவத்தைச் சொல்ல சிம்பிள் வடிவமே போதும்: “ஐ ஹேவ் பீன் டு பகான்.” ‘எவர்’ பெரும்பாலும் கேள்வியில்தான்: “ஹேவ் யூ எவர் பீன் டு பகான்?”

“ஐ ஹேவ் கான் டு பகான்” என்று நீங்களே சொல்ல முடியாது. அதற்குப் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை என்று பொருள். எதிரில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வீர்கள்?

‘பீன்’ வந்தாலே கன்டினியூவஸ் என்று நினைத்தேன்

ஒரு மாடிப்படியில் ஒட்டியிருந்த காகிதம்: “தி ஜெனரேட்டர் ஹேஸ் பீன் ரிப்பேரிங்.” கரண்ட் போய்ப் போய் வரும் ஊர், ஜெனரேட்டர் செய்தி எங்களுக்கு முக்கியம். ஜெனரேட்டர் போய் வேறு எதையோ பழுதுபார்க்கிறதா? ‘பீன்’ இரண்டு பேருக்கு வேலை செய்கிறது. பின்னால் ‘இங்’ வந்தால் செய்பவர் பக்கம், ‘ரிப்பேர்ட்’ போல மூன்றாம் வடிவம் வந்தால் செய்யப்பட்ட பொருள் பக்கம். பழுது முடிந்துவிட்டது என்றால் “தி ஜெனரேட்டர் ஹேஸ் பீன் ரிப்பேர்ட்”. மெக்கானிக் இன்னும் உள்ளே குனிந்துகொண்டிருக்கிறார் என்றால் “தே ஹேவ் பீன் ரிப்பேரிங் தி ஜெனரேட்டர் சின்ஸ் மார்னிங்”. லிப்டுக்குக் காத்திருப்பதா, படியேறுவதா என்பதை முடிவு செய்ய இந்த வித்தியாசம் போதும்.

இரண்டும் சரி மாதிரித் தெரிகிறது, எது என்று முடிவு செய்ய முடியவில்லை

வாக்கியத்தில் இருப்பது லிவ், வர்க், டீச், ஸ்டடி என்றால் கவலையை விடுங்கள். “ஐ ஹேவ் லிவ்ட் இன் யாங்கோன் ஃபார் டென் இயர்ஸ்” என்றாலும் “ஐ ஹேவ் பீன் லிவிங்” என்றாலும் யாரும் மார்க் குறைக்கமாட்டார்கள். கோளாறே இல்லாத இடத்தில் ஸ்பேனரைத் தூக்காதீர்கள்.

மெல்லிய நிறபேதம் ஒன்று மட்டும் உண்டு. தற்காலிகமாகத் தோன்றினால் ‘இங்’, நிலையானது என்றால் சிம்பிள். “மை கசின் ஹேஸ் பீன் லிவிங் வித் அஸ் சின்ஸ் ஜனவரி” என்றால் எப்போதாவது கிளம்புவான் என்ற நம்பிக்கை வீட்டில் இருக்கிறது. “மை கிராண்ட்மதர் ஹேஸ் ஆல்வேஸ் லிவ்ட் இன் பெகு” என்றால் அந்தக் கேள்வியே இல்லை. ‘ஆல்வேஸ்’, ‘ஆல் ஹெர் லைஃப்’ போன்றவை பெரும்பாலும் சிம்பிளோடுதான் ஒட்டும்.

இதைக் காட்ட நான் பிள்ளைகளை அனோரதா ரோட்டுக் காளி கோயிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன், மனசுக்குள். நம் முன்னோர் 1871-ல் எழுப்பிய கோயில். “தி டெம்பிள் ஹேஸ் ஸ்டுட் ஹியர் சின்ஸ் 1871.” அதன் வாசலில் பூ விற்கிற அம்மா: “ஷீ ஹேஸ் பீன் ஸ்டாண்டிங் ஹியர் சின்ஸ் மார்னிங்.” இடம் ஒன்று, வினை ஒன்று. அம்மாவுக்குக் கால் வலிக்கும், சாயங்காலம் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். கோபுரம் போகாது.

சொல்வது சரி, ஆனால் கேட்பவருக்கு ‘ஹேவ்’ விழவில்லை

பேச்சில் ‘ஐ ஹேவ் பீன்’ சுருங்கி ‘ஐவ் பின்’ ஆகிவிடும். அந்த ‘வ்’ நம் காதில் ஏறாததால் “ஐ பீன் வெயிட்டிங்” என்றே பழகிவிடுகிறோம். சுருக்கிச் சொல்லும் அவசரம் வேண்டாம். பழகும்வரை முழுசாகவே சொல்லுங்கள். ‘ஹி’, ‘ஷி’க்கு ‘ஹேஸ்’ என்பதையும் அப்போதே நாக்கில் ஏற்றிவிடலாம்.

இண்டர்வியூ நடுவில் எல்லாம் மறந்துபோச்சு

நடக்கும். ஒரு தம்பி திரையில் ஆளைப் பார்த்ததும் ‘ஐ ஹேவ்’ வரை வந்து அப்படியே நின்றுவிட்டான். அப்படி மாட்டிக்கொண்டால் வாக்கியத்தை இரண்டாக ஒடித்துவிடுங்கள். தொடங்கியதை ஒன்றில், இன்றைய நிலையை இன்னொன்றில்: “ஐ ஸ்டார்ட்டட் இன் 2021. ஐ ஸ்டில் வர்க் தேர்.” இதில் ‘பீன்’னும் இல்லை, ‘இங்’கும் இல்லை, பிழையும் இல்லை. மூச்சு திரும்பி வந்ததும் அடுத்த கேள்விக்கு ‘ஹேவ் பீன்’னை முயலலாம்.